நிகழாதது வேறு, இயலாதது வேறு: ஆங்கில நிபந்தனைத் தொடர்களைப் பயிற்றும் முறை – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கில நிபந்தனைத் தொடர்கள் தமிழக வகுப்பறைகளில் நான்கு வாய்பாடுகளாகச் சுருக்கிப் பயிற்றப்படுகின்றன. வினைவடிவங்களைப் பொருத்திக் காட்டும் பயிற்சியே பெரிதும் நடைபெறுகிறது. தமிழ் நிபந்தனை எச்சத்தின் அமைப்போடு ஒப்பிட்டு இம்முறையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. தமிழ் சூழலின் பொறுப்பில் விடும் மூன்று வேறுபாடுகளை ஆங்கிலம் வினைவடிவிலேயே காட்டச் சொல்கிறது. ஆதலின், சூழல் நீக்கப்பட்ட பயிற்சி வினா தமிழ் மாணவருக்குத் தேவையான ஒன்றையே நீக்கிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். கடலூர் வட்டாரச் சூழலிலிருந்து மாற்றுப் பயிற்சிக்கான எடுத்துக்காட்டுகள் தரப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: நிபந்தனை எச்சம், செயின் வாய்பாடு, ஒப்பீட்டு இலக்கணம், பிழையாய்வு, ஆங்கிலம் கற்பித்தல், கடலூர்.

1. முன்னுரை

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதியில் அமைந்த ஊர் குடிகாடு. இப்பகுதியிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் பலருக்கு ஆங்கிலம் பாடநூலில் மட்டும் காணும் மொழியன்று. தொழிற்சாலை வாயிலில் உள்ள பாதுகாப்பு அறிவிப்பு, பணி ஒப்பந்தம், கல்விக்கடன் விண்ணப்பம் ஆகியவற்றிலும் அவர்கள் அதனை எதிர்கொள்கின்றனர். இவை அனைத்திலும் மிகுதியாகப் பயில்வது நிபந்தனைத் தொடரே. இன்னது நேர்ந்தால் இன்னது செய்க, இன்னது செய்யாவிடில் இன்னது கிடையாது என்னும் வடிவில்தான் ஆணையும் உரிமையும் எச்சரிக்கையும் எழுதப்படுகின்றன. எனவே இத்தொடரைப் பிழையின்றிப் புரிந்துகொள்வது மதிப்பெண்ணைக் கடந்த தேவையாகிறது.

1929-இல் நிறுவப்பட்ட சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ், மொழியியல், ஆங்கிலம் ஆகியவை தனித்தனித் துறைகளாக உள்ளன. திராவிட மொழிகளின் அமைப்பாய்வில் அங்குள்ள மொழியியல் உயர் ஆய்வு மையம் தடம் பதித்துள்ளது. இத்தகைய ஆய்வு மரபு அருகிலேயே இருந்தும், தமிழ் எச்சவியல் குறித்த அறிவு ஆங்கில இலக்கண வகுப்பைச் சென்றடையவில்லை. தமிழ் வகுப்பில் வினையெச்சம் கற்ற மாணவரே அடுத்த பாடவேளையில் நிபந்தனைத் தொடர் கற்கிறார். இரு வகுப்புகளும் ஒன்றையொன்று அறியாமல் நடக்கின்றன. இவ்விடைவெளியின் விளைவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது களஆய்வு அன்று. அமைப்பு ஒப்பீட்டின் வழி அமைந்த திறனாய்வு. ஆங்கில எடுத்துக்காட்டுகள் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்படுகின்றன.

2. வாய்பாட்டு அட்டவணையும் அதன் பெயரீடும்

பொதுவாகப் பயிற்றப்படும் அட்டவணை அனைவரும் அறிந்ததே. சுழிய வகையில் இரு உறுப்புகளிலும் நிகழ்கால வடிவம் வரும். முதல் வகையில் நிபந்தனை உறுப்பில் நிகழ்காலமும் முடிபு உறுப்பில் ‘வில்’ என்பதும் வரும். இரண்டாம் வகையில் இறந்தகால வடிவமும் ‘வுட்’ என்பதும் வரும். மூன்றாம் வகையில் ‘ஹேட்’ சேர்ந்த வடிவமும் ‘வுட் ஹேவ்’ என்பதும் வரும். இவ்வகைப்பாடு நினைவில் கொள்ள எளிது. அதன் பயனை மறுப்பதற்கில்லை.

குறை அதன் பெயரீட்டில் தொடங்குகிறது. வழிகாட்டி நூல்கள் பலவும் பின் மூன்று வகைகளை ‘நடக்கக்கூடியது, நடக்க வாய்ப்புக் குறைந்தது, நடக்க இயலாதது’ எனப் பெயரிடுகின்றன. மூன்றாம் வகைக்கு ‘இயலாதது’ என்னும் பெயர் பொருந்துமா? 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தேவனாம்பட்டினம் உள்ளிட்ட கடலூர்க் கரையோர ஊர்களைத் தாக்கியது. அப்போது இந்தியப் பெருங்கடலுக்கென ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு இல்லை. ‘எச்சரிக்கை வந்திருந்தால் மக்கள் வெளியேறியிருப்பார்கள்’ என்று ஒருவர் கூறினால், எச்சரிக்கை வருவது இயலாத செயல் என்று அவர் கூறவில்லை. இயன்றிருக்கக்கூடியது, ஆனால் நிகழவில்லை என்பதே அவர் கூற்று. அக்கூற்றின் அறச்சுமையும் அங்கேதான் உள்ளது. ஐதராபாத்தில் 2007-இல் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது, முன்பு நிகழாதது இயலாதது அன்று என்பதற்குச் சான்றாகும்.

‘நிகழாதது’ என்பதை ‘இயலாதது’ எனக் கற்பிக்கும்போது இழப்பையும் கடமை தவறலையும் பொறுப்பையும் பேசுவதற்கு ஆங்கிலத்தில் உள்ள முதன்மையான வடிவம், வீண் கற்பனைக்குரிய வடிவமாகச் சுருங்கிவிடுகிறது. ‘நான் பறவையாக இருந்தால்’, ‘நான் அரசனாக இருந்தால்’ என்னும் எடுத்துக்காட்டுகள் தலைமுறை கடந்து தொடர்வதற்கும் இச்சுருக்கம் ஒரு காரணம் எனலாம்.

3. தமிழில் நிபந்தனை: செயின், செய்தால், என்றால்

தொல்காப்பியம் கூறும் ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளுள் ‘செயின்’ ஒன்று. அதனை அடுத்துக் கூறப்படும் பின், முன், கால், கடை, வழி, இடத்து என்பவற்றுள் ‘கால்’ முதலியன ‘செய்தக்கால்’ போன்ற வடிவங்களில் நிபந்தனைப் பொருளையும் தருவன. பவணந்தியார் நன்னூலில் வினையெச்ச வாய்பாடுகளைக் காலவரிசைப்படுத்துகையில் ‘செயின்’ என்பதை எதிர்காலத்துக்குரியவற்றுள் வைக்கிறார்.

தற்காலத் தமிழில் ‘செயின்’ எழுத்துநடையில் மட்டும் எஞ்ச, ‘செய்தால்’ என்பதே பெருவழக்காகியுள்ளது. இதன் அமைப்பு கருதத்தக்கது. வந்தால், பார்த்தால், சொன்னால், போனால் என்பவற்றில் ‘ஆல்’ ஈறு சேர்ந்திருப்பது இறந்தகால அடியோடு. வந்தான், பார்த்தான், சொன்னான், போனான் என்பவற்றோடு ஒப்பிட இது புலனாகும். ஆயினும் ‘நாளை வந்தால்’ என்பதில் இறந்தகாலப் பொருள் சிறிதுமில்லை. வடிவம் இறந்தகாலத்துக்குரியது, பொருள் காலம் கடந்தது. நிபந்தனை முற்றுப்பெற்ற பின்னரே விளைவு தொடங்கும் என்னும் முன்பின் முறையை மட்டுமே அவ்வடி சுட்டுகிறது.

இவற்றோடு ‘என்றால்’ என்பதையும் சேர்த்துக் காணவேண்டும். ‘வந்தான் என்றால்’, ‘வருகிறான் என்றால்’, ‘வருவான் என்றால்’ என முற்றுவினைக்குப் பின் வருவதால் இது முக்காலத்தையும் ஏற்கிறது. ‘செய்தால்’ ஒரு நிகழ்ச்சியை நிபந்தனையாக்குகிறது. ‘என்றால்’ ஒரு கூற்றை நிபந்தனையாக்குகிறது. ‘ஆறு மணிக்குப் புறப்பட்டான் என்றால் இந்நேரம் சிதம்பரம் சேர்ந்திருப்பான்’ என்பதில் புறப்பாடு உண்மையில் இறந்தகாலத்தது. ஆங்கிலத்திலும் ‘இஃப் ஹி லெஃப்ட் அட் சிக்ஸ்’ என்று இது வரும். இங்கு ‘லெஃப்ட்’ உண்மையான இறந்தகாலம். இரண்டாம் வகைக்குரிய கற்பனை இறந்தகாலம் அன்று. நான்கு வகை அட்டவணையில் இத்தொடருக்கு இடமில்லை. தமிழறிந்த மாணவரோ இவ்வேறுபாட்டை ‘என்றால்’ வழியே முன்னரே அறிந்திருக்கிறார். அவ்வறிவு அங்கே பயன்படாமல் கிடக்கிறது.

4. மூன்று இணைவுகள்

இரு மொழிகளின் அமைப்பையும் அருகருகே வைத்து நோக்கின், ஆங்கிலம் வடிவில் பிரித்துக் காட்டும் மூன்றிடங்களில் தமிழ் ஒரே வடிவைப் பயன்படுத்துவது தெரிகிறது.

முதல் இணைவு: ‘வாயு கசிந்தால் மணி ஒலிக்கும்.’ தமிழில் ‘ஒலிக்கும்’ என்பது எதிர்காலத்தையும் இயல்பான வழக்கத்தையும் ஒருங்கே தரும். இது எப்போதும் நடக்கும் இயக்கமுறையா, இன்று நடக்கப்போகும் நிகழ்ச்சியா என்பது சூழலால் விளங்கும். ஆங்கிலத்தில் முன்னதற்கு ‘சவுண்ட்ஸ்’ என்பதும் பின்னதற்கு ‘வில் சவுண்ட்’ என்பதும் வரும். சுழிய வகையும் முதல் வகையும் தமிழில் இணைகின்றன.

இரண்டாம் இணைவு: ‘பணம் இருந்தால் வீடு கட்டுவேன்.’ கடன் விண்ணப்பத்தின் முடிவை எதிர்நோக்கும் ஒருவரும் இதைச் சொல்லலாம். பணத்துக்கு வழியே இல்லாத ஒருவரும் சொல்லலாம். ஆங்கிலத்தில் முன்னவர் ‘இஃப் ஐ ஹேவ் மனி, ஐ வில் பில்ட்’ என்பார். பின்னவர் ‘இஃப் ஐ ஹேட் மனி, ஐ வுட் பில்ட்’ என்பார். முதல் வகையும் இரண்டாம் வகையும் இங்கு இணைகின்றன.

மூன்றாம் இணைவு: ‘அவர் நேற்று வந்திருந்தால் கையெழுத்து இட்டிருப்பார்.’ அவர் வரவில்லை என்பது உறுதியாகத் தெரிந்தும் இதைச் சொல்லலாம். அவர் வந்தாரா என்பது தெரியாமல், பதிவேட்டைப் பார்க்கச் சொல்லும்போதும் இதே தொடரைச் சொல்லலாம். ‘இட்டிருப்பார்’ என்பது நிகழாமையையும் குறிக்கும், ஊகத்தையும் குறிக்கும். ஆங்கிலத்தில் நிகழாமைக்கு ‘இஃப் ஹி ஹேட் கம், ஹி வுட் ஹேவ் சைன்ட்’ என்பதும், ஊகத்துக்கு ‘இஃப் ஹி கேம், ஹி வில் ஹேவ் சைன்ட்’ என்பதும் வரும்.

இதனால் தமிழில் நுட்பம் குறைவு என்று கொள்ளுதல் தவறு. ‘எச்சரிக்கை மட்டும் வந்திருந்தால்’ என ‘மட்டும்’ சேர்த்து நிகழாமையை வலியுறுத்தலாம். ‘ஒருவேளை வந்திருந்தால்’ என ஐயத்தைக் காட்டலாம். ‘வந்தான் என்றால்’ எனக் கூற்றாக மாற்றலாம். வேண்டும்போது வேறுபடுத்தும் கருவிகள் தமிழில் உண்டு. ஆனால் அவை கட்டாயமில்லை. ஆங்கிலத்தில் அவ்வேறுபாடு வினைவடிவில் கட்டாயமாகிறது. பேசுவோர் ஒவ்வொரு முறையும் தம் நிலைப்பாட்டை முடிவு செய்தே வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது.

5. பிழையின் தோற்றுவாய்

ராபர்ட் லாடோ 1957-இல் வெளியிட்ட நூலில் தாய்மொழிக்கும் கற்கும் மொழிக்கும் இடையிலான வேறுபாடே கற்றல் இடர்ப்பாட்டின் முதன்மைக் காரணம் என்னும் கருத்தை முன்வைத்தார். 1967-இல் எஸ். பிட் கார்டர், மாணவரின் பிழை அவர்தம் மனத்தில் உருவாகும் இலக்கணத்தின் சான்று என்று வாதிட்டார். இரண்டையும் இணைத்து நோக்கினால் தமிழ் மாணவரின் இரு பிழைகள் விளக்கம் பெறுகின்றன.

ஒன்று, ‘இஃப் இட் வில் ரெய்ன்’ என எழுதுவது. ‘நாளை மழை பெய்தால்’ என்பதன் பொருள் எதிர்காலம். நன்னூலும் ‘செயின்’ வாய்பாட்டை எதிர்காலத்திலேயே வைக்கிறது. எதிர்காலத்துக்கு ஆங்கிலத்தில் ‘வில்’ எனக் கற்ற மாணவர் அதை இங்கும் இடுகிறார். இது கவனக்குறைவு அன்று. தருக்கம் பிறழாத முடிவு. ‘இஃப் என்பதன் பின் வில் வராது’ என்று தடைவிதி மட்டும் கூறுவது இத்தருக்கத்தைத் தொடவில்லை. மேலும் அவ்விதி முழுமையானதுமன்று. இசைவைக் குறிக்குமிடத்தில் ‘இஃப் யூ வில் வெயிட்’ என ஆங்கிலத்தில் வருவதுண்டு. மாறாக, ‘பெய்தால் என்பதில் உள்ள அடி எந்தக் காலத்துக்குரியது?’ என்று ஆசிரியர் வினவினால் போதும். எதிர்காலப் பொருளைத் தர எதிர்கால வடிவம் வேண்டியதில்லை என்பதை மாணவர் தம் மொழியிலேயே காண்பார். இரண்டாம் வகையில் ‘ஹேட்’ வருவதும் அவருக்குப் புதிராக இராது. ஆயின் இவ்வொப்புமைக்கு எல்லையுண்டு: தமிழில் அவ்வடி முன்பின் முறையைச் சுட்டுகிறது; ஆங்கிலத்தில் அது உண்மையிலிருந்து விலகி நிற்பதைச் சுட்டுகிறது. இவ்வெல்லையையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.

மற்றொன்று, ‘அன்லெஸ்’ என்பதன் பின் எதிர்மறை சேர்ப்பது. ‘தலைக்கவசம் அணியாவிட்டால் அனுமதி இல்லை’ என்பதில் எதிர்மறை வினைக்குள்ளேயே உள்ளது. ஆங்கிலத்தில் அது ‘அன்லெஸ்’ என்னும் சொல்லில் உள்ளது. தமிழ் வினையின் எதிர்மறையை விடாமல் ‘அன்லெஸ் யூ டோன்ட் வேர்’ என எழுதினால், தலைக்கவசம் அணிந்தவருக்கே அனுமதி இல்லை என்று பொருள் தலைகீழாகிவிடும். தேர்வுத்தாளில் இது ஒரு மதிப்பெண். தொழிற்சாலை அறிவிப்பில் அதுவே விபத்துக்கு வழியாகலாம்.

6. பயிற்சி வினாக்களின் குறை

வழக்கமான பயிற்சி வினா இவ்வாறு அமைகிறது: நிபந்தனை உறுப்பில் ஒரு கோடு, அருகே அடைப்பில் வினையடி, முடிபு உறுப்பில் ‘வுட்’. மாணவர் ‘வுட்’ என்பதைக் காண்கிறார், இறந்தகால வடிவை எழுதுகிறார், மதிப்பெண் பெறுகிறார். அவர் பொருளை ஆராயவில்லை. ஆராயவேண்டிய தேவையும் எழவில்லை. பணம் இருக்கிறதா, இருக்க வழியுண்டா, வழியே இல்லையா என்பதை வினா அமைத்தவரே முன்னதாக முடிவு செய்துவிட்டார்.

முற்பகுதியில் கண்டவாறு, தமிழ் மாணவருக்குப் புதியது வடிவமன்று. அம்முடிவைச் செய்து வடிவில் காட்டும் கட்டாயமே. வடிவங்களை அவர் சில நாள்களில் மனனம் செய்துவிடுவார். எந்தச் சூழலுக்கு எந்த வடிவம் என்னும் தேர்வே அவருக்குப் பயிற்சி வேண்டிய இடம். சூழலற்ற வினா அத்தேர்வை அவர் கையிலிருந்து பறித்துவிடுகிறது. அட்டவணையை ஒப்புவிக்கும் மாணவர் சொந்தமாக ஒரு விண்ணப்பம் எழுதும்போது தடுமாறுவதற்கு இதுவே தலையாய காரணம் எனக் கருத இடமுண்டு.

இவ்விடத்தில் என்.எஸ். பிரபுவின் முயற்சி நினைக்கத்தக்கது. 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட தென்னிந்திய நகரப் பள்ளிகளில் நடைபெற்ற அவரது திட்டத்தில் இலக்கண வடிவங்கள் வரிசையாகப் பயிற்றப்படவில்லை. கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொண்டு சிந்தித்து விடைகாணும் பணிகள் தரப்பட்டன. பொருளில் கவனம் இருக்கும்போதே வடிவம் படிகிறது என்பது அவர் கொள்கை. வடிவப் பயிற்சியை முற்றிலும் நீக்குவது நம் தேர்வுமுறையில் இயலாது. எனினும் பொருளை முடிவு செய்யும் வேலையை மாணவரிடமே விடவேண்டும் என்னும் அளவில் அக்கொள்கை இங்கு முழுதும் பொருந்தும்.

7. கடலூர்ச் சூழலில் பயிற்சி

மாற்றுப் பயிற்சிக்கு வேண்டிய சூழல்களைத் தொலைவில் தேடவேண்டியதில்லை. கடலூர் மாவட்ட மாணவருக்கு 2004 ஆழிப்பேரலை, 2011 திசம்பர் 30 அன்று கரைகடந்த தானே புயல், 2015 வெள்ளம் ஆகியவை குடும்ப நினைவில் உள்ள நிகழ்ச்சிகள். எது நிகழ்ந்தது, எது நிகழவில்லை என்பது அவர்களுக்கு ஐயமின்றித் தெரியும். நிபந்தனைத் தொடருக்கு அடிப்படையாக வேண்டியது இத்தெளிவே.

ஒரே பொருளை மூன்று நிலைகளில் வைக்கலாம். ‘எச்சரிக்கை வந்தால் வெளியேறுவோம்’ என்பது இன்று திறந்திருக்கும் நிபந்தனை. ‘இஃப் எ வார்னிங் கம்ஸ், வி வில் லீவ்’ என்பது அதன் ஆங்கில வடிவம். கடல் அமைதியாக உள்ள ஒரு நாளில், ஒத்திகைக்காக, ‘இப்போது கடல் உள்வாங்கினால் என்ன செய்வீர்கள்?’ என வினவுவது கற்பித நிபந்தனை. இங்கு ‘வாட் வுட் யூ டூ?’ என வரும். ‘2004-இல் எச்சரிக்கை வந்திருந்தால் வெளியேறியிருப்போம்’ என்பது நிகழாத நிபந்தனை. ‘ஹேட் கம்’, ‘வுட் ஹேவ் லெஃப்ட்’ என்பன வரும். மூன்றுக்கும் இடையில் மாறுவது பேசுவோரின் நிலைப்பாடு. அட்டவணை காட்டாத இதனை இச்சூழல் காட்டிவிடுகிறது.

மற்றொரு பயிற்சி, ஒரே தமிழ்த் தொடருக்கு இரு சூழல் தருவது. மேற்கண்ட கையெழுத்துத் தொடரையே எடுத்துக்கொள்ளலாம். முதற்சூழலில் அவர் நேற்று சென்னையில் இருந்தார் என்னும் செய்தி தரப்படும். இரண்டாம் சூழலில் பதிவேடு இன்னும் பார்க்கப்படவில்லை என்பது தரப்படும். எந்த ஆங்கிலத் தொடர் எதற்குரியது எனத் தேர்ந்து, காரணத்தைத் தமிழில் ஒரு வரியில் எழுதுமாறு கேட்கலாம். விடையைக் காட்டிலும் அவ்வொரு வரியே ஆசிரியருக்குப் பயன் மிக்கது. மாணவர் எங்கே முடிவு செய்தார், எங்கே ஊகித்தார் என்பதை அது வெளிப்படுத்தும்.

மூன்றாவதாக, தொழிற்பேட்டைப் பாதுகாப்பு அறிவிப்புகளின் அமைப்பில் எழுதப்பட்ட தொடர்களைப் பயன்படுத்தலாம். ‘வாயு கசிந்தால் காற்றின் திசைக்குக் குறுக்காகச் செல்லவும்’ என்பது போன்ற ஆணைகளில் நிபந்தனை உறுப்பைத் தொடருக்கு முன்னும் பின்னும் வைத்துப் படிக்கச் செய்யலாம். தமிழில் நிபந்தனை முன்வருவதே இயல்பு. ஆங்கிலத்தில் அது பின்னும் வரும். பின்வரும் நிபந்தனையைக் கவனியாமல் ஆணையை மட்டும் படித்துச் செயற்படும் இடர் இப்பயிற்சியால் குறையும்.

8. இரு மறுப்புகள்

ஆங்கில வகுப்பில் தமிழைக் கொண்டுவருவது கற்றலைத் தாமதப்படுத்தும் என்பது ஒரு மறுப்பு. தமிழை ஆசிரியர் கொண்டுவராவிடினும் அது மாணவர் மனத்தில் செயற்பட்டுக்கொண்டே இருக்கிறது என்பதை மேற்கண்ட இரு பிழைகளும் காட்டுகின்றன. மறைவாகச் செயற்படுவதை வெளிப்படையாக்கித் திருத்துவதே இங்கு முன்மொழியப்படுவது. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கும் பயிற்சி இதில் அடங்காது.

பெரிய வகுப்பும் குறைந்த பாடவேளையும் வாய்பாட்டைத் தவிர வேறெதற்கும் இடம் தருவதில்லை என்பது மற்றொன்று. இது நேர்மையான மறுப்பு. நிலைமையை அறிந்தோர் இதைப் புறந்தள்ள முடியாது. ஆயினும் இங்குக் கூறிய பயிற்சிகளுக்குக் கூடுதல் கருவியோ தனிப் பாடவேளையோ தேவையில்லை. பத்துக் கோடிட்ட வினாக்களுக்கு மாற்றாக, சூழல் தந்த இரு வினாக்கள் போதும். வினாத்தாள் அமைப்போர் ஒரு வினாவையேனும் இவ்வாறு மாற்றினால் வகுப்பறை தானே மாறும். தேர்வு கேட்பதையே வகுப்பு கற்பிக்கிறது.

9. முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

‘செய்தால்’ என்னும் தமிழ் வடிவம் இறந்தகால அடியில் அமைந்தும் இறந்தகாலப் பொருள் தருவதில்லை. ஆங்கில நிபந்தனை உறுப்பின் வடிவத்துக்கும் பொருளுக்கும் உள்ள முரணை விளக்க இது தகுந்த நுழைவாயில்.

சுழிய வகையும் முதல் வகையும், முதல் வகையும் இரண்டாம் வகையும், இறந்தகால ஊகமும் மூன்றாம் வகையும் தமிழில் ஒரே வடிவில் இணையக்கூடியன. தமிழ் மாணவருக்குப் பயிற்சி வேண்டுவது இம்மூன்று இடங்களிலேயே.

தமிழ் சூழலிடம் விடுவதை ஆங்கிலம் வினையிடம் கேட்கிறது. எனவே சூழலற்ற கோடிட்ட வினாக்கள் வடிவ நினைவை மட்டுமே அளக்கின்றன.

மூன்றாம் வகையை ‘இயலாதது’ எனப் பெயரிடுதல் கைவிடப்படவேண்டும். ‘நிகழாதது’ என்பதே பொருந்தும். தவிர்த்திருக்கக்கூடிய இழப்பைப் பற்றி ஒரு சமூகம் கேள்வி எழுப்பும் வடிவம் அது. கடற்கரையும் தொழிற்பேட்டையும் சூழ்ந்த ஊர்களிலிருந்து வரும் மாணவர் அவ்வடிவத்தை முழுப்பொருளோடு கையாளக் கற்றல், இலக்கணப் பாடத்தின் குறைந்தபட்சப் பயனாக அமையவேண்டும்.